உறவு கேட்காத காலம்

ஜெயராமனுக்கு ரக்ஷா எந்த வகையிலும் சொந்தமில்லை. அதை அவரே மறந்துபோயிருந்தார் என்பதுதான் விஷயம்.

பெங்களூர் காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரே கேட்டுக்குள் வரிசையாக ஏழெட்டு வாடகை வீடுகள். அந்த ஊரில் அதை வட்டாரா என்பார்கள். கடைசி வீட்டில் ஜெயராமன் பல வருடங்களாகத் தனியாக இருந்தார். கல்யாணம் தட்டிப்போய்க்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே நின்றுபோயிருந்தது. பொம்மசந்திராவில் மருந்து டப்பாக்களுக்கான அட்டைப் பெட்டி செய்கிற கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புவார்.

பக்கத்து வீட்டுக்கு சுனிதா கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். புருஷன் லாரி விபத்தில் போய்விட்டிருந்தான். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. குழந்தைக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் கோளாறு. தலசீமியா என்று டாக்டர்கள் சொன்னார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேறு ரத்தம் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் வெளுத்துத் துவண்டுவிடும். லீவு கிடைத்த நாட்களில் ஜெயராமனும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவார். சுனிதா அவரை அண்ணா என்று கூப்பிட்டாள். அதனால் பேச ஆரம்பித்ததும் ரக்ஷாவுக்கு அவர் மாமா ஆனார். அவ்வளவுதான் உறவு.

கொரோனா இரண்டாவது முறை ஊரைச் சுற்றி வளைத்தபோது சுனிதாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றது. அவள் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, தூரத்திலிருந்தே சொன்னாள்.

"ரெண்டு நாள் பாத்துக்குங்கண்ணா. வந்துடுவேன்."

அவள் வரவில்லை. உடலைக்கூட யாரும் பார்க்க முடியவில்லை. தங்கவயலில் இருந்த அவள் அண்ணன் பாலகுமார், பஸ்ஸும் ரயிலும் ஓட ஆரம்பித்த பிறகுதான் வந்தான். வட்டாரா கேட்டருகே நின்று நெடுநேரம் அழுதான். பிறகு ஜெயராமனின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஸ்கூல் வேன் ஓட்டிகினு இருந்தேன். ஸ்கூலே மூடிட்டாங்க. என் வீட்லயே ரெண்டு பொண்ணுங்க. இப்போதைக்கு உங்ககிட்டயே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்," என்றார் ஜெயராமன். எங்கே கூட்டிப்போய்விடுவானோ என்று அதுவரை பயந்துகொண்டிருந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ரத்தம் ஏற்றுவதற்கும் அந்தச் சமயம் ஒரு தடங்கலும் வரவில்லை. நெருக்கடிக் காலம் என்று அரசாங்கம் மருத்துவக் காப்பீட்டின் விதிகளைத் தளர்த்தியிருந்தது. நோயாளியை யார் கூட்டி வருகிறாரோ அவருடைய அட்டையிலேயே சிகிச்சை செய்யலாம்; உறவு என்ன, ஊர் எது என்று கேட்க வேண்டாம் என்று உத்தரவு. ஆஸ்பத்திரியில் காப்பீட்டு மேஜையில் மமதா என்ற பெண் இருந்தாள். தும்கூர்ப் பக்கத்துப் பெண். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாள். ஜெயராமன் முதல்முறை தயங்கித் தயங்கி விவரம் சொன்னபோது அவள் கையுறை போட்ட கையால் கைரேகைக் கருவியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"யார் அட்டையா இருந்தா என்ன அங்கிள். பாப்பாவுக்கு ரத்தம் ஏறணும், அஷ்டே, அவ்வளவுதான். விரல் வைங்க."

அப்படியே வருடங்கள் ஓடின. உத்தரவை ஒவ்வொரு தடவையும் நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். ஜெயராமன் இரட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டார். எதிர்வீட்டு வள்ளியம்மா, பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து கம்பெனி பஸ் வரும்வரை ரக்ஷாவைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். வயதில் பெரியவள் என்பதால் ஜெயராமனுக்கு அவள் அக்கா. ஏற்றுகிற ரத்தத்தின் இரும்புச்சத்து உடம்பில் தேங்காமலிருக்க ரக்ஷா தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். அதைக் காப்பீடு கொடுப்பதில்லை. அந்த மாத்திரைக்காக அவர் ஓவர்டைம் பார்த்தார்.

ரத்தம் ஏற்றும் நாட்களில் இருவரும் ஜன்னலோரக் கட்டிலுக்காகச் சீக்கிரமே போய்விடுவார்கள். ஊசி குத்தும்போது ரக்ஷா அழமாட்டாள். அவர் கண்ணை மூடிக்கொள்வதைத்தான் வேடிக்கை பார்ப்பாள்.

"மாமா, நீ தூங்கு. பை காலியானா நான் எழுப்பறேன்," என்பாள். நிஜமாகவே அவர் நாற்காலியில் தூங்கிவிடுவார். அவளும் நிஜமாகவே எழுப்புவாள்.

அப்படி ஒரு நாள் போனபோதுதான் மமதா கருவியை நகர்த்தவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தாள், ரக்ஷாவைப் பார்த்தாள், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"அங்கிள், அந்தத் தளர்வு எல்லாம் முடிஞ்சுபோச்சு. எல்லாம் பழையபடி ஆயிடுச்சு. இனிமே அட்டைல பேர் இருக்கற குடும்பத்துக்கு மட்டும்தான்."

"இவ என் கூடத்தானேம்மா இருக்கா. உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். சிஸ்டம் ஒத்துக்கல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கு ஒரு நாள் டாக்டர்கிட்ட பேசி ஏத்தச் சொல்றேன். அடுத்த தடவை என் கைல இல்ல."

அவர் போகாமல் நின்றார். அவள் சுனிதாவின் பெயரைக் கேட்டு ஏதோ தட்டினாள். முகம் சட்டென்று மலர்ந்தது.

"நல்ல செய்தி அங்கிள். பாப்பா பேர் ஒரு ரேஷன் கார்டுல இருக்கு. தங்கவயல், பாலகுமார்னு ஒருத்தர். பாப்பாவோட அம்மா பேரையே இன்னும் அதுலேர்ந்து எடுக்கல. பாப்பாவுக்குக் காப்பீடு இருக்கு."

நல்ல செய்திதான். ஜெயராமனும் தலையாட்டினார். ஆனால் அந்த அட்டைக்கு ஊர் தங்கவயல், மாவட்டம் கோலார். பழைய விதிப்படி சொந்த மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். குடும்பத் தலைவர் வந்து கைரேகை வைக்க வேண்டும். இதெல்லாம் மமதா பொறுமையாகச் சொல்லச் சொல்ல, ரக்ஷா, ஜன்னலோரக் கட்டில் பறிபோய்விடும் என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனி யூனியனுக்கு சேஷகிரி என்று ஒரு வக்கீல் வந்துபோவார். தத்து எடுத்து ரக்ஷாவைத் தன் அட்டையில் சேர்த்துவிட்டால் என்ன என்று ஜெயராமன் அவரைக் கேட்டார். வக்கீல் முழுக்கதையையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தனியா இருக்கற ஆம்பளைக்குப் பொண் குழந்தைய தத்து குடுக்க சட்டத்துல இடமில்ல ஜெயராமன். நல்ல சட்டம்தான் அது. உங்கள மாதிரி ஒருத்தர நெனச்சு எழுதல, அவ்வளவுதான்."

"வேற வழி?"

"கோர்ட்டுக்குப் போகலாம். இழுக்கும். குழந்தைக்கு ரத்தம் அதுவரைக்கும் காத்திருக்காதே."

அதனால் ஜெயராமன் கோலாருக்குப் போக ஆரம்பித்தார். லீவு போட்டுவிட்டு, கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மாரிகுப்பம் ரயிலில் ரக்ஷாவை ஏற்றி, பங்காரப்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து பஸ். பாலகுமார் தங்கவயலிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து கைரேகை வைப்பான். வேனுக்கு வேறு டிரைவரைப் பிடித்துவிட்டு வர வேண்டும் என்பதால் வைத்ததும் ஓடுவான். அங்கேயும் டாக்டர்கள் நல்லவர்கள்தான். ரத்தமும் கிடைத்தது. ஆனால் ஏற்றப் போகிற நாளில்தான் ரக்ஷாவின் உடம்பில் தெம்பு மிகக் குறைவாக இருக்கும். அந்த நாளில்தான் இத்தனை தூரம்.

பிறகு ஒருமுறை கம்பெனியில் பெரிய ஆர்டர் வந்து லீவு இல்லையென்றார்கள். மீறினால் வேலை போகும். வேலை போனால் மாத்திரை போகும். ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. அந்த வாரம் முடிந்து கோலாருக்குக் கிளம்பியபோது ரக்ஷாவின் உதடு காகிதம் போல இருந்தது. ரயிலில் உட்கார இடமில்லை. ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்தாள். கூட்டம் விலகி இடம் கொடுத்தது. யாரோ தண்ணீர் தெளித்தார்கள். அவர் அவளை மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவளுடைய நெஞ்சு அவர் கைக்குக் கீழே ஓடுகிற முயல் போல அடித்துக்கொண்டிருந்தது.

கோலாரில் டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இதயம் இப்பவே சிரமப்படுது. இன்னொரு தடவை இப்படி லேட் ஆகக் கூடாது. குழந்தை இங்க பக்கத்துல இருக்க முடியாதா?"

பாலகுமார் அன்று ஓடவில்லை. ரத்தம் ஏறி முடியும்வரை வராந்தாவில் ஜெயராமன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"நான் கேக்கக் கூடாதுண்ணா. அன்னிக்கி வுட்டுட்டுப் போனவன் நானு. ஆனா இப்ப வேன் ஓடுது. ருக்மிணியும் சொல்றா, கூட்டிகினு வந்துருங்கன்னு. எங்க வீட்லேர்ந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு பஸ்ஸு."

"நான் வேணா தங்கவயல்ல ஒரு ரூம் எடுத்துகினு..." என்று ஆரம்பித்த ஜெயராமன், தானே நிறுத்திக்கொண்டார். சுரங்கம் மூடிய ஊரில் அவருக்கு யார் வேலை கொடுப்பார்கள். ஊர் முழுக்க வேலைக்காக விடியுமுன்னே ரயிலேறி பெங்களூருக்குத்தானே வருகிறது. மாத்திரைக்காவது பொம்மசந்திராவில் அவர் இருந்தாக வேண்டும்.

"மாத்திரை நான் அனுப்பறேன்," என்றார் கடைசியில்.

பாலகுமார் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கெட்டவனாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவன் மேல் கோபப்படக்கூட ஜெயராமனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ரக்ஷாவிடம் எப்படிச் சொல்வது என்று பல நாள் யோசித்தார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவளே கேட்டுவிட்டாள். வள்ளியம்மா வீட்டில் யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறாள்.

"நான் தங்கவயல் போறேனா?"

"ஆமாம்மா. அங்க ஆஸ்பத்திரி பக்கம். உனக்குக் களைப்பா இருக்காது."

"நீ?"

"நான் வேலைக்குப் போகணும்ல. ஞாயித்துக்கெழம வருவேன்."

அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். "உனக்கு யாரு மாத்திரைப் பேரு படிச்சு சொல்லுவாங்க?" என்றாள். அவருக்கு ஒரு மாத்திரையும் கிடையாது. அவளுடைய மாத்திரை அட்டையில் இருக்கும் ஆங்கில எழுத்துகளை அவருக்குக் கூட்டிப் படித்துக் காட்டுவது அவள் தினசரி விளையாட்டு. ஜெயராமன் தண்ணீர் எடுப்பதுபோல எழுந்து உள்ளே போனார்.

கொண்டுபோய் விட்ட அன்று அவள் அழவில்லை. பாலகுமாரின் வீட்டில் குட்டி போட்ட நாய் ஒன்று இருந்தது. மாமன் மகள்கள் இரண்டு பேரும் அவளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பாலகுமாரின் மனைவி ருக்மிணி வாசலுக்கு வந்து, "நீங்க இப்பவே கெளம்பிடுங்கண்ணா, அவ விளையாடறப்பவே," என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் நடந்தார். முனை திரும்பும்போது உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்றே போன் வந்தது. அவள் தேடுகிறாள், சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனார். ஒவ்வொரு முறையும் தெருமுனையில் காத்திருந்து ஓடிவந்து ஏறிக்கொள்வாள். ஒவ்வொரு முறையும் அவர் கிளம்பும்போது சட்டையை விடமாட்டாள். பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. மறுநாள் காய்ச்சல் வரும். சில ஞாயிறுகள் இப்படிப் போனபின் ருக்மிணி அவரைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள். முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே பேசினாள்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. நீங்க போனப்புறம் மூணு நாள் அவ எங்ககிட்ட பேசறதில்ல. என் கையால தண்ணிகூட குடிக்க மாட்டேங்குறா. அடுத்த ஞாயித்துக்கெழம எப்பன்னு கேட்டுகினே இருக்கா. அவளுக்கு இந்த வீடு மனசுல ஒட்டவே இல்ல." விரலிலிருந்து முந்தானையை விட்டாள். "கொஞ்ச நாளைக்கு வராம இருக்கீங்களா?"

ஜெயராமன் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"போன்?"

"போன்லயும் குரல் கேட்டா அழறா. நான் உங்களுக்குப் பேசறேன். அவ எப்படி இருக்கான்னு எல்லாம் சொல்றேன்."

"சரிம்மா," என்றார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

அவர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனியில் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டார். ருக்மிணி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ரத்தம் ஏறியாயிற்று என்பாள், டாக்டர் நல்ல நிலைமை என்றார் என்பாள், பள்ளியில் சேர்த்தாயிற்று என்பாள். ஆரம்பத்தில் பின்னணியில் "யாரு, மாமாவா?" என்று குரல் கேட்கும், ருக்மிணி போனை மூடிக்கொண்டு ஏதோ சமாளிப்பாள். பிறகு பிறகு அந்தக் குரல் கேட்பது நின்றது. ஜெயராமன் காதை அழுத்தி வைத்துக் கேட்டுப் பார்ப்பார். டிவி சத்தமும் பாத்திரச் சத்தமும்தான் கேட்கும்.

மழைக்காலம் முழுக்கக் கழிந்து தசரா வந்தது. ருக்மிணியே கூப்பிட்டாள். "வாங்கண்ணா. இப்ப வரலாம்."

அவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனார். தெருமுனையில் யாரும் காத்திருக்கவில்லை. சுரங்கத் தொழிலாளர்களுக்கு அந்தக் காலத்தில் கட்டிய வரிசை வீடுகளுக்கு நடுவே, ஒரு சிறுமி சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தாள். கன்னம் நிறைந்திருந்தது. உயரமும் கூடியிருந்தது. பக்கத்தில் வந்து பிரேக் பிடித்த பிறகுதான் ரக்ஷா என்று தெரிந்தது.

அவளும் ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கீழே இறங்கி, சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள்.

"வாங்க மாமா. எப்ப வந்தீங்க?"

அதுவரை அவள் அவரை நீங்க என்று சொன்னதே கிடையாது. பெரியவர்களிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்று ருக்மிணி நல்லபடியாகச் சொல்லிக்கொடுத்து வளர்க்கிறாள். ஜெயராமன் தலையை ஆட்டினார். பின்னால் வந்த தோழியிடம் ரக்ஷா திரும்பி, "இவங்க எங்க பெங்களூர் மாமா," என்றாள்.

வீட்டில் நல்ல சாப்பாடு போட்டார்கள். ரக்ஷா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் ஓடியதைச் சொன்னாள். பந்தயம் ஓடினாளாம். ரயிலில் சரிந்து விழுந்த குழந்தை. "ஜெயிக்கல மாமா, ஆனா கடைசி வரைக்கும் ஓடினேன்," என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். பின்னல் வேறு மாதிரி இருந்தது. காதுக்கு மேலே மடித்து ரிப்பன் கட்டியிருந்தார்கள். அது அவளுக்கு இன்னும் பொருத்தமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வெளியே சைக்கிள் மணி அடித்தது. அவள் பாலகுமாரைப் பார்த்து, "மாமா, போகட்டுமா?" என்று கேட்டாள். ஜெயராமனும் சட்டென்று தலையைத் தூக்கினார். கேட்டது தன்னை இல்லை என்று புரிந்ததும் டம்ளரை எடுத்துக் குடித்தார். பாலகுமார் அதைக் கவனித்துவிட்டான். "பெரியவர்கிட்ட சொல்லிட்டுப் போ," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

"போயிட்டு வரேன் மாமா. நான் வர்றதுக்குள்ள நீங்க கெளம்பிட்டா, பாத்துப் போங்க."

அவள் ஓடியது வாசல்வரை தெரிந்தது. மூச்சு வாங்கவில்லை. ருக்மிணி அடுப்பங்கரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். "மறக்கலண்ணா அவ," என்றாள், யாரும் கேட்காமலே. "சின்னது. அதான்."

"நல்லதும்மா," என்றார் ஜெயராமன். "இப்படித்தான் இருக்கணும்."

ரயில் கன்டோன்மென்ட் வந்து சேரும்போது வெயில் இன்னும் இருந்தது. வட்டாராவில் பிள்ளைகள் ஆயுத பூஜைக்காகச் சைக்கிள்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வள்ளியம்மா தன் வாசலில் பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"பாத்தியா தம்பி? எப்படி இருக்கா புள்ள?"

"நல்லா இருக்காக்கா."

"சாப்பிடறாளா? நடக்கறாளா?"

"ஓடறா. சைக்கிள் ஓட்டறா. ரத்தம் எல்லாம் நேரத்துக்கு ஏறுது. ரொம்ப நல்லா இருக்காக்கா." இன்னும் ஒருமுறை சொல்ல முயன்றார். "நல்லா..." என்று ஆரம்பித்து, அவள் வீட்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். சுனிதா போனபோதுகூட யாரும் அவர் அழுது பார்த்ததில்லை. தோள்கள் குலுங்கின. சத்தம் வெளியே வராமலிருக்க அவர் பட்ட பாடு, அழுகையைவிடப் பார்க்கச் சகிக்காததாக இருந்தது.

வள்ளியம்மா பூவைத் தட்டோடு நகர்த்தி வைத்தாள். அவர் தோளைத் தொட்டு எழுப்பி உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதற்குள் கதவைச் சாத்தினாள்.